பத்தாவது ஆள்

மார்ச் 4, புதன்

உருளை இஸ்திரி இயந்திரம் இன்று இரண்டு தடவை நின்றது. மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு மலைபோல் குவிந்தன. நான்தான் உள்ளே கையை விட்டு நிறுத்தியதுபோல மேற்பார்வையாளர் என்னை முறைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. கைப்பந்துச் சம்மேளனத்திலிருந்து.

காலிறுதி. ஏப்ரல் 18. ஊரில்.

வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் அணிகளுக்கு என்று ஒரே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் அது எங்களுக்கு! சலவைக்கூடத்தில் துணி வெளுப்பவளும், கல்லாவில் உட்காருபவளும், நோயாளியைப் புரட்டிப் போடுபவளுமாகச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடும் பத்துப் பெண்களுக்கு. விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவளிடம் சொன்னேன். அவளுக்குக் கைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் முனையை விட்டுவிட்டுக் கை தட்டினாள். விரிப்பு தரையில். மறுபடி வெளுக்கப் போனது.

எதிரணி போன வருடம் கோப்பை வாங்கியவர்கள். அவர்கள் தலைவி தபால் பட்டுவாடா செய்பவர். வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முழுக்கச் சிரிக்கவே மாட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

பள்ளிக்கூட ஜிம்மில் பயிற்சி. பந்தைத் தொடுவதற்கு முன் எல்லோரையும் தரையில் உட்காரவைத்து விதிகளை வாசித்தேன்.

வெளிநாட்டு அணி தன் ஆட்டத்தை ஊருக்கு வந்துதான் ஆட வேண்டும். ஆள் மாறாட்டம் இல்லை என்று சரிபார்க்க ஒரு வாரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். பெயர்ப்பட்டியல் இந்த மாதக் கடைசியில் மூடப்படும். அதன்பிறகு ஒருவரை எடுத்து இன்னொருவரைப் போட முடியாது. ஆடுவது ஆறு பேர்தான் என்றாலும் பத்துப் பேரும் வரிசையில் வந்து நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் எதிரணித் தலைவி ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்தால் ஆட்டம் அவர்களுக்கு, நமக்கு மூன்று வருடத் தடை.

“ஊர் அணிகளுக்கும் இதேதானா?” என்று நர்ஸ் அக்கா கேட்டாள்.

இல்லை. அவர்கள் எட்டுப் பேரோடும் இறங்கலாம். அன்று காலை புதிதாக ஒருத்தியைச் சேர்க்கவும் செய்யலாம்.

“நல்லா இருக்குடி நியாயம். பக்கத்துத் தெருவுல இருந்து வர்றவ எப்படி வேணா வரலாம். பறந்து வர்றவ வரிசையா நிக்கணும்.” இது நெட்டை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. பல்பொருள் அங்காடியில் கல்லாவில் இருக்கிறாள். வலைக்கு முன்னால் அவள் கையைத் தூக்கினால் சுவர்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கச்சி சிரிக்கவில்லை. பந்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் தையலை நகத்தால் வருடிக்கொண்டிருந்தாள். அவள்தான் எங்கள் லிஃப்டர். வலை ஓரத்தில் நின்று அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். அவள் தூக்கிக் கொடுத்தால் என்னைப் போல முப்பத்தேழு வயதில் முழங்காலுக்குப் பட்டை போட்டவளும் அடித்துவிடலாம்.

வீட்டுக்கு வரும் பேருந்தில்தான் சொன்னாள்.

“அக்கா, என் பர்மிட் இன்னும் புதுப்பிச்சு வரல.”

மார்ச் 12, வியாழன்

குடியேற்ற உதவி மையத்தில் காலை முழுக்கக் காத்திருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள்தான். கணினியை எங்கள் பக்கம் திருப்பிக்கூடக் காட்டினாள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. இன்னும் நான்கைந்து மாதம் ஆகலாம். முடிவு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் செத்துவிடும். அங்கிருந்து புதிதாகப் போட வேண்டும். கிடைக்குமா? தோளைக் குலுக்கினாள்.

தங்கச்சிக்கு விமான நிலையத்தில் வேலை. வந்து இறங்கும் விமானத்துக்குள் ஏறி, இருக்கைப் பைகளைத் துழாவி, போர்வைகளை அள்ளி, அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ விமானம் ஏறுகிறாள். ஒன்றும் அவளை எங்கும் கொண்டுபோவதில்லை.

திரும்பி வரும்போது இதை அவளே சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

தங்கச்சிக்குப் பதிலாகப் போடப் பதினோராவது ஆளே இல்லை. ஒருத்தி இருந்தாள், ஏழு மாதக் கர்ப்பம்.

மார்ச் 17, செவ்வாய்

சம்மேளனச் செயலாளரோடு பேசினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சோப்புத் தூள் மூட்டைகள் அடுக்கிய அறையில் நின்றுகொண்டு. இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

ஒன்பது பேரோடு வர அனுமதியுங்கள் என்றேன். முடியாது. அப்படியென்றால் இந்த ஒரு ஆட்டத்தை இங்கே வைத்துக்கொள்ளுங்கள், எதிரணியை நாங்கள் எங்கள் வீடுகளில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அதற்குச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு.

“ஏம்மா, என் ஆபீஸே ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூம். நானும் சம்பளமில்லாமத்தான் உக்காந்திருக்கேன். ஒருத்தருக்காக சட்டத்த வளைச்சா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா.”

“ஒண்ணு இல்லையே சார். அவங்களுக்கு எட்டு, எங்களுக்குப் பத்து.”

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, “எதிர் டீம் கேப்டன் ஆட்சேபிக்கலன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்ககிட்ட பேசிப் பாருங்க” என்று எண் கொடுத்தார்.

நம்பிக்கை என்று ஒரு பூச்சி இருக்கிறது. மூட்டைகளுக்கு நடுவில் அது என்னைக் கடித்துவிட்டது. மாலை வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மடித்தேன்.

மார்ச் 19, வியாழன்

பேசினேன். பேசியிருக்கவே வேண்டாம்.

எல்லாம் சொன்னேன். தங்கச்சியின் பர்மிட், விண்ணப்பம், வெளியே போனால் திரும்ப முடியாது என்பது. கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன்தான், எனக்கு என்ன வெட்கம். தபால்காரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்துபோய் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது:

“போன தடவை வந்த வெளிநாட்டு டீமும் இப்படித்தான் ஒரு கதை சொன்னாங்க. இரக்கப்பட்டு விட்டேன். கடைசில ஒன்பதோட வந்து, எங்கயோ காசுக்கு ஆடுற ரெண்டு பேர உள்ள வச்சிருந்தாங்க. உங்கள அப்படின்னு சொல்லல. ஆனா நாங்க மழைலயும் வெயில்லயும் ஆறு ஆட்டம் ஆடி ஜெயிச்சு இங்க வந்திருக்கோம். நீங்க நேரா காலிறுதில வந்து உக்காருறீங்க. அதுக்கு எங்கள யாராவது கேட்டாங்களா? நீங்க ஒன்பதோட வந்தா நான் ஆட்சேபிப்பேங்க. மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுறேன்.”

வைத்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. ஆனால் ஆறு ஆட்டம் என்றாரே, அதற்கு என்ன பதில்? எங்கள் இடத்துக்காக நாங்கள் ஆடியது இரண்டே ஆட்டம். அதுவும் கூரை போட்ட ஜிம்மில், தண்ணீர் பாட்டிலோடு.



மார்ச் 22, ஞாயிறு

அணிக் கூட்டம். விலகிவிடலாம் என்றேன். விலகினாலும் தடை உண்டா என்று பார்த்தோம். உண்டு. இடத்தை ஏற்றுக்கொண்டு வராமல் போனால் அதே மூன்று வருடம்.

நர்ஸ் அக்கா ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “எனக்கு நாப்பத்திமூணு. மூணு வருஷம் கழிச்சு நான் பந்து பொறுக்கத்தான் வருவேன். ஆனா அதுக்காக உன் தங்கச்சிய அனுப்புன்னு என் வாயால சொல்ல மாட்டேன்.”

சொல்ல மாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிட்டாள். நெட்டை அழுதாள். நாங்கள் பந்தையே தொடவில்லை. ஜிம் காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். பொருள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி ஓட்டுகிறவர், எதையும் பொட்டலமாகத்தான் பார்ப்பார். “உன் தங்கச்சி ஒரு பார்சல் மாதிரி. அனுப்புறது ஈஸி. திரும்பி வரலன்னா யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க” என்றார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அவர் குரலே இறங்கிவிட்டது.

மார்ச் 25, புதன்

தங்கச்சி வேலை முடிந்து சீருடையோடே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“நான் போறேன்க்கா.”

“நீ போகக் கூடாது.”

“இத அக்காவா சொல்றியா, கேப்டனா சொல்றியா?”

அக்காவாகத்தான் சொன்னேன். ஆனால் கேப்டன் உள்ளே எங்கேயோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்க மாட்டாள், போய்விடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தாளே. அதை எங்கே போய்ச் சொல்ல?

“இங்க நான் யாரு? வண்டி நின்னா ஏறு, குப்பைய அள்ளு, இறங்கு. வாரத்துல ஒரு நாள், அந்த வலைக்குப் பக்கத்துலதான் என்னை எல்லாரும் பாக்குறாங்க. நான் தூக்கிக் குடுத்தாத்தான் ஆட்டம். அதுவும் மூணு வருஷம் இல்லன்னா நான் எதுக்கு இந்தப் பர்மிட்ட வச்சுக்கிட்டு இருக்கணும், சொல்லு.”

“திரும்ப வர முடியாதுடி.”

“தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்.”

மார்ச் 27, வெள்ளி

பட்டியலை அனுப்பிவிட்டேன். பத்துப் பெயர். நான்தான் அனுப்பினேன், வேறு யாரும் இல்லை.

ஏப்ரல் 11, சனி

ஊர் வந்து சேர்ந்தோம். கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை குத்தியபோது தங்கச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் பையின் ஜிப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் போர்வையைக் கீழே போட்டார். இவள் பழக்கத்தில் எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுதியில் ஒரு அறைக்கு ஐந்து பேர். சம்மேளனத்துக்காரர் ஒருவர் வந்து எங்கள் முகங்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். என் படத்தில் நான் மெலிந்திருக்கிறேனாம். அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமா?

ஏப்ரல் 18, சனி

எழுத வரவில்லை. ஜெயித்துவிட்டோம்.

கொட்டகை போட்ட மைதானம். சுற்றிலும் அவர்கள் ஊர் ஆட்கள். நாங்கள் ஒவ்வொரு முறை சர்வீஸ் போடும்போதும் “விருந்தாளி! விருந்தாளி!” என்று கத்தினார்கள். முதல் செட் போச்சு. மூன்றாவதும் போச்சு. தபால்காரம்மா எங்கே அடித்தாலும் பந்து எங்கள் பின்கோட்டைத் தொட்டுக்கொண்டே விழுந்தது. தினமும் வீட்டு வாசல் பார்த்துக் கடிதம் போடுகிறவர் அல்லவா என்று நெட்டை மூச்சிரைக்க என் காதில் சொன்னாள். அந்த நிலைமையிலும் சிரித்தேன்.

ஐந்தாவது செட்டில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. தங்கச்சி நெட்டைக்குக் கொடுப்பதுபோல எழும்பினாள். அவர்களுடைய மூன்று பேர் நெட்டையோடு சேர்ந்து குதித்தார்கள். பந்து தலைக்குப் பின்னால், பார்க்காமலே, எனக்கு வந்தது. என் முன்னால் ஒருவரும் இல்லை. வெறும் வலை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. அடுத்த புள்ளியும் அதே மாதிரி.

எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். தங்கச்சி மட்டும் கோட்டின்மேல் உட்கார்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘விருந்தாளி’ சத்தம் நின்றுவிட்டிருந்தது.

பிறகு செயலாளர் வந்து கை கொடுத்து, “அரையிறுதி அடுத்த சனிக்கிழமைம்மா” என்றார்.

அடுத்த சனிக்கிழமை. நர்ஸ் அக்காவின் விடுப்பு திங்களோடு முடிகிறது. நெட்டைக்குச் செவ்வாய். எனக்கும் செவ்வாய். ஜெயித்தால் என்ன செய்வது என்று நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையிலிருந்து ஆளாளுக்குத் தங்கள் வேலை இடங்களுக்குப் பேசிப் பார்த்தோம். என் மேற்பார்வையாளர், “வராவிட்டால் வரவே வேண்டாம்” என்றார். அங்கே எல்லோருக்கும் ஏறத்தாழ அதே பதில். ஆறு பேர் போயே ஆக வேண்டும். மீதி நான்கு. நான்கு பேரை வைத்துக்கொண்டு என்ன ஆட? செயலாளரிடம் சொன்னேன். வந்து ஆடிவிட்டதால் தடை இல்லை, அரையிறுதியில் தோற்றதாக மட்டும் எழுதிக்கொள்வார்களாம்.

மத்தியானம் தபால்காரம்மா விடுதிக்கு வந்தார். சேலையில் வந்தார், ஜெர்சியில் பார்த்த முகமாகவே இல்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ஆட மாட்டீங்களாமே.”

“லீவு இல்லைங்க.”

“அப்போ எதுக்கு எங்ககிட்ட ஜெயிச்சீங்க?” அவர் குரல் உடைந்தது. “உங்களால நிக்க முடியாத எடத்த எங்ககிட்ட இருந்து எதுக்குப் புடுங்குனீங்க? எங்க டீம்ல ஒருத்தி ராத்திரி முழுக்க அழுதிருக்கா. அவளுக்கு இது கடைசி வருஷம்.”

நியாயம் அவர் பக்கமும் இருந்தது. என் பக்கமும் இருந்தது. இரண்டையும் ஒரே அறையில் வைக்க இடமில்லை.

ஜன்னல் ஓரத்திலிருந்து தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: “என்னால திரும்பிப் போக முடியாதுங்க. அக்கா போன்ல சொன்னது கதை இல்ல.”

தபால்காரம்மா அவளையே பார்த்தார். “அன்னைக்கு நான் நம்பலம்மா” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

தங்கச்சி விமான நிலையம் வரை வந்தாள். உள்ளே போகும் வாசலில் காவலர் பயணச்சீட்டு கேட்டார். அவளிடம் இல்லை. அங்கேயே நின்றுவிட்டாள்.

மே 6, புதன்

விண்ணப்பம் மூடப்பட்டதாகத் தகவல் வந்தது. இரண்டே வரி. நேற்று அவர் அவளுடைய கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டார். நான் மறுபடி பழைய இடத்துக்கே இழுத்தேன்.

மே 24, ஞாயிறு

பயிற்சிக்குப் போனேன். யார் தூக்கிக் கொடுப்பது? நர்ஸ் அக்கா முயன்றாள். பந்து என் தலையில் விழுந்தது. சிரித்தோம், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சீக்கிரமே கலைந்துவிட்டோம்.

ஜூன் 30, செவ்வாய்

அண்ணன் வீட்டில் அவளுக்கு இருக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். இடம் என்றால் கூடத்தில் பாய். அண்ணி நல்லவள், ஆனால் சின்ன வீடு. அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. ஊர் அணியில் சேரலாமே என்றால், அதற்கும் விதி. வெளிநாட்டு அணிக்கு ஆடியவள் ஒரு வருடம் எந்த ஊர் அணியிலும் ஆட முடியாது.

“அங்க போனா நான் இங்கத்தவ. இங்க வந்தா நான் அங்கத்தவ. இந்தச் சட்டத்த எழுதுனவன் எங்க இருக்கான்க்கா?” என்றாள். நான் என்ன, அவனை மடியிலா கட்டி வைத்திருக்கிறேன். ‘சாப்பிட்டியா’ என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் அனுப்பிய பட்டியல். நான்தான்.

ஜூலை 19, ஞாயிறு

போன் எடுக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டால், “தூங்குறா” என்கிறான். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம். எனக்குப் பயமாக இருக்கிறது. டிக்கெட் போடலாமா என்று அவரிடம் கேட்டேன். போடு என்றார். போனால் என்ன செய்வேன்? அவளைக் கூட்டிவர முடியுமா? உட்கார்ந்து பார்த்துக்கொண்டு அழுதுவிட்டு வருவேன். கடவுளே எனக்கு ஒண்ணும் புரியல. ஒண்ணுமே புரியல.

செப்டம்பர் 5, சனி

அவளே கூப்பிட்டாள்! குரலில் ஏதோ வித்தியாசம்.

தபால்காரம்மா அண்ணன் வீட்டுக்கே வந்திருக்கிறார். கடிதம் போட அல்ல, பேச. வாசலில் நின்றபடியே, “ஆடத்தான கூடாது? சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்க இருக்கு?” என்றாராம். இப்போது தினமும் மாலையில் அவர்கள் மைதானத்துக்குப் போகிறாளாம். தபால் பிரிக்கும் இடத்தில் தற்காலிக வேலையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

“நல்லவங்களா?” என்று கேட்டேன்.

“திட்டுவாங்கக்கா. பயங்கரமா திட்டுவாங்க.” அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் முழுசாக இல்லை. யாரால் அவள் அங்கே மாட்டினாளோ அந்தம்மாவேதான் இப்போது அவளுக்குச் சோறு போடுகிறார். நான் இங்கே விரிப்பு மடிக்கிறேன்.

பிப்ரவரி 14, ஞாயிறு

சம்மேளனத்தின் தலைவிகள் கூட்டம். எங்களைத் திரையில் சேர்த்திருந்தார்கள். தபால்காரம்மா எழுந்து நின்று, வெளிநாட்டு அணிக்கான காலிறுதியை ஒரு வருடம் ஊரிலும் ஒரு வருடம் அவர்கள் இடத்திலும் வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கூடவே, வெளிநாட்டு அணிகள் தங்களுக்குள் நாலு சுற்று ஆடிவிட்டுத்தான் காலிறுதிக்கு வர வேண்டும்.

“இது அவங்களுக்காகச் சொல்லல. அவங்க நேரா வந்து உக்காரக் கூடாதுன்னும் சொல்றேன். எப்பவும் அவங்களே நம்மளத் தேடி வரணும்னு இருக்கக் கூடாதுன்னும் சொல்றேன்.”

ஒரு வருடம் சோதனையாகப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். யார் முதலில் கடல் தாண்டிப் போவது என்றதும் எல்லோரும் குனிந்து காகிதங்களைப் புரட்டினார்கள். யாரோ ஒருவர், “தீர்மானம் கொண்டுவந்தவங்களே போகட்டும்” என்றார். தபால்காரம்மா, “போறோம்” என்று உட்கார்ந்துவிட்டார்.

விசா எடுக்க நேரம் வேண்டும் என்று ஆட்டத்தை ஆகஸ்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஏப்ரலில் தங்கச்சியின் ஒரு வருடம் முடிகிறது. ஆகஸ்டில் அவள் அந்த அணியோடு இங்கே வருவாள். பார்ப்பேன். எதிரணியாக வந்தால் என்ன!

மே 30, ஞாயிறு

நான்கு சுற்றும் ஆடி ஜெயித்து முடித்தோம். அங்கே தபால்காரம்மா அணியும் காலிறுதிக்கு வந்துவிட்டது. ரயிலில், இரவல் காரில், ஒரு தடவை அவருடைய பொருள் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டுகூட. நர்ஸ் அக்கா இப்போது நன்றாகவே தூக்கிக் கொடுக்கிறாள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தபால்காரம்மா சொன்ன ஆறு ஆட்டத்தை நினைத்துக்கொண்டேன். உடம்புக்குத்தான் தெரியும் அது என்னவென்று.

ஜூலை 27, செவ்வாய்

அவளுக்கு விசா இல்லை.

முன்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே வெளியேறியவர், திரும்பிச் செல்வார் என்று நம்ப முடியவில்லை. அதுதான் காரணமாம். மற்ற ஒன்பது பேருக்கும் கிடைத்துவிட்டது. பட்டியல் மூடியாகிவிட்டது. ஆள் மாற்ற முடியாது.

சலவைக்கூடத்தில் கழிப்பறைக்குள் போய் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். அப்படி என்னடி பாவம் பண்ணினோம் நாம.

ஜூலை 31, சனி

நெட்டைதான் விதியை எடுத்துவந்தாள். ‘கடல் கடந்து பயணிக்கும் அணி’ என்றுதான் அதில் இருக்கிறது. எழுதியவர்கள் நாங்கள் மட்டும்தான் பயணிப்போம் என்று நினைத்திருப்பார்கள். இப்போது பயணிப்பது அவர்கள். ஒன்பது பேரோடு.

“நீ ஆட்சேபிச்சா போதும். நேரா அரையிறுதி. அவங்களுக்கு மூணு வருஷம் தடை” என்றாள் நெட்டை. “அன்னைக்கு அந்தம்மா ஒரு வார்த்த விட்டுக் குடுத்திருந்தா உன் தங்கச்சி இங்க இருந்திருப்பா. நீ என்ன தியாகியா?”

நர்ஸ் அக்கா விரல்களுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்திநாலு ஆகிவிட்டது.

நான் தியாகி இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த வார்த்தையை நேற்று முழுக்க ஒத்திகை பார்த்தேன். விரிப்பை உதறும்போதெல்லாம். ஆட்சேபிக்கிறேன். ஆட்சேபிக்கிறேன். வாய்க்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 7, சனி

அவர்கள் வந்து இறங்கினார்கள். இங்கத்திய ஆகஸ்ட் குளிருக்குப் பழகாமல் எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தபால்காரம்மா என்னைப் பார்த்ததும், “ஒன்பது பேருங்க” என்றார். கேட்பதற்கு முன்பே. கெஞ்சவில்லை. நான் அவரிடம் ஒரு காலத்தில் கெஞ்சியதுபோல அவர் என்னிடம் கெஞ்சினால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

நான் குனிந்து ஒரு பையைத் தூக்கினேன். மற்ற பைகளை வண்டியில் ஏற்ற என் கணவர் உதவினார்.

ஆகஸ்ட் 14, சனி

நடுவர் இரண்டு அணிகளையும் வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒன்பதில் நின்றார். மறுபடி எண்ணினார். என் பக்கம் திரும்பி, “ஆட்சேபனை உண்டா?” என்று கேட்டார்.

என் பின்னால் நெட்டையின் மூச்சு கேட்டது. எதிரே ஒன்பது பெண்கள். போன வருடம் வலைக்கு அந்தப் பக்கம் பார்த்த முகங்கள்தான், ஆனால் நான் பார்த்தது தபால்காரம்மாவின் முகத்தை. அந்த முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் லிஃப்டர் நிற்க வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டு நின்றார்கள். வேண்டுமென்று விட்டார்களா, தெரியாது.

“இல்லை” என்றேன்.

நெட்டை “சே!” என்றாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

மூன்றுக்கு ஒன்று. தோற்றோம். நான்காவது செட்டில் என் முழங்கால் விட்டுவிட்டது, நர்ஸ் அக்கா கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அழுதாள். தபால்காரம்மா கை குலுக்க வந்தபோது நன்றி என்று சொல்லவில்லை. “அடுத்த வருஷம் இந்தப் பத்துங்கிறத எட்டாக்கணும். ரெண்டு பேரும் சேந்து பேசுவோம்” என்றார். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கச்சி கூப்பிட்டாள். அங்கே இன்னும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

“யாருக்கா ஜெயிச்சா?”

“உங்க டீம்.”



“எந்த டீமச் சொல்ற?” என்று கேட்டாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு, முதல் சர்வீஸிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.